செகாவ் எழுதியது கண்ணீர் நாடகம் அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பில், எங்கள் மாவட்டத்து நாடகக் குழு ஒன்று செகாவின் 'செர்ரித் தோட்டம்' நாடகத்தைத் தமிழில் போடப்போவதாக வந்த செய்தியைப் படித்தேன். சந்தோஷமாக இருந்தது. பகலெல்லாம் வேலை பார்த்துவிட்டு வந்து, பள்ளிக்கூட ஹாலில் இரவு பத்து மணிவரை ஒத்திகை பார்த்து ஒரு ரஷ்ய நாடகத்தை மேடையேற்றுகிறவர்களுக்கு நீங்கள் கால் பக்கம் ஒதுக்கியிருக்கிறீர்கள், அதற்கு முதலில் நன்றி. ஆனால் தலைப்பில் 'கண்ணீர்க் காவியம்' என்று போட்டிருக்கிறீர்களே, அதைத்தான் என்னால் விட முடியவில்லை. செய்திக்குள்ளும் 'சோகத்தின் கவிஞர்', 'நெஞ்சை உருக்கும் துயர நாடகம்' என்று வருகிறது. இதே நாடகத்துக்கு இதே மாதிரி ஒரு பெயரைச் சுவரொட்டியிலும் பத்திரிகை விளம்பரத்திலும் போட்டார்கள் என்பதற்காகச் செகாவே மனம் நொந்து கடிதம் எழுதியிருக்கிறார் ஐயா. அது தெரிந்தால் நீங்களே அந்தத் தலைப்பை மாற்றியிருப்பீர்கள் என்ற நம்பிக்கையில்தான் இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1904 ஏப்ரல் 10ஆம் தேதி, யால்டாவிலிருந்து மனைவி ஓல்கா நிப்பருக்கு எழுதிய கடிதம் அது. (பழைய ரஷ்ய நாட்காட்டித் தேதிகளையே தருகிறேன், நம் கணக்குக்கு 12, 13 நாள் கூட்டிக்கொள்ள வேண்டும்.) என் நாடகத்தைச் சுவரொட்டிகளிலும் பத்திரிகை விளம்பரங்களிலும் ஏன் இப்படி விடாப்பிடியாக 'டிராமா' என்றே போடுகிறார்கள் என்று கேட்கிறார். அந்த ஊர் நாடக வழக்கில் டிராமா என்றால் கனமான, சிரிப்புக்கு இடமில்லாத நாடகம். அவர் தன் கையால் முதல் பக்கத்தில் எழுதியதோ நான்கு அங்க நகைச்சுவை நாடகம் என்று. நெமிரோவிச்சும் ஸ்தானிஸ்லாவ்ஸ்கியும் (நாடகத்தைப் போட்ட மாஸ்கோ கலை அரங்கின் நிறுவனர்கள்) நான் எழுதாத எதையோ என் நாடகத்தில் பார்க்கிறார்கள், இரண்டு பேரில் ஒருவர்கூட அதை ஒரு தடவையாவது கவனமாகப் படிக்கவில்லை என்று எந்தச் சத்தியமும் செய்யத் தயார் என்கிறார். இதை எழுதி மூன்று மாதம்கூட ஆகவில்லை, ஜெர்மனியில் பாடன்வைலர் என்ற ஊரில் இறந்துபோனார். வயது 44.

நம்மில் பலர் செகாவின் கதைகளைப் படித்தது மாஸ்கோவில் அச்சாகி நியூ செஞ்சுரி கடைகளில் மலிவாகக் கிடைத்த தமிழ்ப் புத்தகங்களில்தான். நாடகங்கள் அப்புறம் வந்தன. கடிதங்களிடம் நான் போய்ச் சேர்ந்தது தற்செயலாக. திருச்சியில் பழைய புத்தகக் கடை ஒன்றில் முன்னட்டை இல்லாத ஓர் ஆங்கிலத் தொகுப்பு கிடைத்தது, வாங்கி வந்து, அன்றிலிருந்து அதை எத்தனை தடவை படித்திருப்பேன் என்று கணக்கு இல்லை. முப்பது வருடமாக நாடகம் போட்டு வருகிறேன். நாடகத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதி அந்தக் கிழிந்த புத்தகம் கொடுத்தது. சோவியத் நாட்டில் 1974 முதல் 1983 வரை வெளிவந்த அவருடைய முழுத் தொகுப்பு 30 தொகுதிகள். அதில் 18 படைப்புகள், மீதி 12 தொகுதியும் கடிதங்கள். நாலாயிரத்துக்கு மேல் கடிதங்கள் தப்பிப் பிழைத்திருக்கின்றன. முதலில் அவற்றைச் சேகரித்து 1912 முதல் 1916 வரை ஆறு தொகுதிகளாகக் கொண்டுவந்தது அவருடைய தங்கை மரியா.

இவ்வளவு கடிதம் எப்படி வந்தது என்றால், நோயால் வந்தது. 1897 மார்ச்சில் மாஸ்கோ ஓட்டல் ஒன்றில் சாப்பிட உட்கார்ந்த இடத்தில் வாயில் ரத்தம் கொட்டியது. காசநோய். அவரே டாக்டர், அவருக்குத் தெரியாதா? குளிர்காலத்தை மாஸ்கோவில் கழிக்கக் கூடாது என்று சொல்லி, கடைசியில் கருங்கடல் ஓரம் யால்டாவில் வீடு கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதாயிற்று. நாடகம் நடப்பது மாஸ்கோவில், நடிக்கிற மனைவி இருப்பது மாஸ்கோவில், எழுதுகிறவர் மட்டும் ரயிலும் கப்பலும் ஏறிப் போகவேண்டிய ஊரில். ஒத்திகைக்கு அவரால் போக முடியவில்லை, அதனால் ஒத்திகை தபாலில் நடந்தது.

'செர்ரித் தோட்டம்' கையெழுத்துப் பிரதி 1903 அக்டோபர் 14ஆம் தேதி மாஸ்கோ கலை அரங்குக்குத் தபாலில் போனது. ஸ்தானிஸ்லாவ்ஸ்கி படித்துவிட்டு உருகிப்போய் எழுதினார்: நீங்கள் சொல்கிற மாதிரி இது நகைச்சுவை நாடகமும் இல்லை, கேலிக்கூத்தும் இல்லை, துயர நாடகம், நான் பெண்பிள்ளை மாதிரி அழுதேன், அடக்கிக்கொள்ளப் பார்த்தும் முடியவில்லை என்று. நெமிரோவிச்சின் தந்தியிலும் நாடகத்தில் நிறையப் பேர் அழுகிறார்கள் என்று இருந்தது. அதற்கு அக்டோபர் 23ஆம் தேதி செகாவ் எழுதிய பதிலை எங்கள் ஊர் நடிகர்கள் ஒவ்வொருவருக்கும் நகலெடுத்துக் கொடுத்திருக்கிறேன். அழுகிறவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று கேட்கிறார். அந்தக் குடும்பத்தின் வளர்ப்பு மகள் வார்யா ஒருத்திதான், அதுவும் அவள் சுபாவத்திலேயே அழுமூஞ்சி என்பதால், அவள் கண்ணீரைப் பார்த்துப் பார்வையாளர்களுக்குச் சோர்வு வரக்கூடாது. 'கண்ணீரோடு' என்று அடைப்புக்குறிக்குள் நான் பல இடத்தில் போட்டிருக்கிறேன், அது அந்த ஆளின் மனநிலையைக் காட்டத்தான், கண்ணீர் வர வேண்டும் என்பதற்கு அல்ல. இவ்வளவுதான் பதில்.

நம் மேடையில் அடைப்புக்குறிக்குள் 'கண்ணீர் மல்க' என்று இருந்தால் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். கை தானாக முந்தானைக்கோ துண்டுக்கோ போகும், குரல் தழுதழுக்கும், வசனத்தின் கடைசி வார்த்தை பார்வையாளர் காதில் விழாது. எந்த ஊர் நடிகரும் அப்படித்தான் செய்வார் என்று அந்த மனிதருக்குத் தெரிந்திருக்கிறது.

அதே நாடகத்தின் இரண்டாம் அங்கத்தைப் பற்றி ஸ்தானிஸ்லாவ்ஸ்கிக்குப் பெரிய திட்டங்கள் இருந்தன. வைக்கோல் அறுவடை காட்ட வேண்டும், தவளைகள் கத்த வேண்டும், கார்ன்கிரேக் என்ற வயல்வெளிப் பறவை கத்த வேண்டும், கல்லறைத் தோட்டம் வேண்டும். நவம்பர் 23ஆம் தேதி செகாவ் எழுதுகிறார்: வைக்கோல் அறுப்பது ஜூன் 20, 25 வாக்கில். அந்தச் சமயத்தில் கார்ன்கிரேக் கத்துவதை நிறுத்தியிருக்கும், தவளைகளும் அடங்கியிருக்கும், மாங்குயில் மட்டும்தான் கூவும். கல்லறைத் தோட்டம் எதுவும் கிடையாது, எப்போதோ இருந்தது, இப்போது இரண்டு மூன்று கல் தாறுமாறாகக் கிடக்கிறது, அவ்வளவுதான். பாலம் போடுகிறீர்களா, நல்ல யோசனை. ரயிலைச் சத்தமே இல்லாமல், ஒரு சின்ன சத்தம்கூட இல்லாமல் காட்ட முடியுமானால் காட்டுங்கள். எந்த மாதத்தில் எந்தப் பறவை கூவும் என்று பார்த்துச் சொல்கிற ஆளை 'சோகத்தின் கவிஞர்' என்று எழுதினால் மனது கேட்குமா? மெலிகோவோ கிராமத்தில் நிலம் வைத்திருந்தவர், மரம் நட்டவர், காலரா வந்தபோது சுற்றுவட்டாரக் கிராமங்களுக்கு வைத்தியம் பார்த்தவர். தவளை கத்துகிற காலம் அவருக்குத் தெரியாதா?

லோபாகின் பற்றிச் சொல்லாமல் விட்டால் என் மனம் ஆறாது. தோட்டத்தை ஏலத்தில் எடுக்கிற வியாபாரி. நம்மூரில் இந்த வேஷத்தை வில்லன் மாதிரி மீசையை முறுக்கிக்கொண்டு போடுவதைப் பார்த்திருக்கிறேன். 1903 அக்டோபர் 30ஆம் தேதிக் கடிதத்தில் செகாவ் ஸ்தானிஸ்லாவ்ஸ்கிக்குச் சொல்கிறார்: அவன் வியாபாரிதான், ஆனால் எல்லா வகையிலும் கண்ணியமான மனிதன். மேடையில் அவன் நாகரிகமாக, புத்திசாலியாக நடந்துகொள்ள வேண்டும், அற்பத்தனம் கூடாது, தந்திரம் கூடாது. வார்யா கடவுள் பக்தியும் பொறுப்பும் உள்ள பெண், அவள் ஒரு பணப்பேயைக் காதலிப்பாளா? இந்த வேஷத்தை ஸ்தானிஸ்லாவ்ஸ்கியே போட வேண்டும் என்று செகாவ் ஆசைப்பட்டார், ஏனென்றால் அவர் வியாபாரக் குடும்பத்துப் பிள்ளை, அந்த வர்க்கத்தின் நல்ல பக்கத்தை வீட்டுக்குள்ளிருந்தே பார்த்தவர். ஸ்தானிஸ்லாவ்ஸ்கியோ சொத்தை இழக்கிற பிரபு காயெவ் வேஷத்தை எடுத்துக்கொண்டார். எனக்கென்னவோ, நாடகம் தோட்டத்தை இழந்தவர்கள் பக்கமாகச் சாய்ந்து அழ ஆரம்பித்தது அந்த இடத்தில்தான் என்று தோன்றுகிறது. செகாவின் தாத்தா பண்ணையடிமையாக இருந்து, பணம் சேர்த்து விடுதலையை விலைக்கு வாங்கியவர். லோபாகினின் அப்பாவும் தாத்தாவும் அந்தப் பண்ணையிலேயே அடிமைகளாக இருந்தவர்கள். இதை மனதில் வைத்துக்கொண்டு மூன்றாம் அங்கத்தில் லோபாகின் ஏலத்திலிருந்து திரும்பி வருகிற காட்சியை ஒருமுறை படித்துப் பாருங்கள்.

நாடகம் 1904 ஜனவரி 17ஆம் தேதி அரங்கேறியது. செகாவ் மாஸ்கோவில்தான் இருந்தார், அவரை நடுவில் அரங்குக்கு அழைத்துவந்து மேடையில் நிறுத்திப் பாராட்டுரை வாசித்தார்கள், அவர் இருமிக்கொண்டு நின்றார். அப்புறம் யால்டா திரும்பியதும், நாடகத்தைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் சொன்னதைக் கேட்டு மார்ச் 29ஆம் தேதி ஓல்காவுக்கு எழுதுகிறார்: அதிகம் போனால் 12 நிமிடத்தில் முடியவேண்டிய கடைசி அங்கம் உங்களிடம் 40 நிமிடம் ஓடுகிறது, என் நாடகத்தை ஸ்தானிஸ்லாவ்ஸ்கி கெடுத்துவிட்டார். 12 எங்கே, 40 எங்கே! பெட்டி கட்டிக்கொண்டு ரயிலுக்கு ஓடுகிற ஜனங்கள் நின்று நின்று பெருமூச்சு விட்டால் 40 ஆகத்தான் செய்யும்.

இப்போது என் சொந்த அனுபவம் ஒன்று. சில வருடங்களுக்கு முன்னால் நாங்கள் 'மூன்று சகோதரிகள்' நாடகத்தின் ஓர் அங்கத்தை மட்டும் எடுத்து ஒத்திகை பார்த்தோம். சகோதரிகளில் ஒருத்தியான மாஷா வேஷம் போட்ட பெண் நல்ல நடிகை, ஆனால் முதல் வசனத்திலிருந்தே முகம் வாடிப்போய் நின்றாள், நானும் அதுதான் சரி என்று நினைத்து விட்டுவிட்டேன். நான்காவது நாள் ராத்திரி வீட்டில் அந்தக் கடிதப் புத்தகத்தைப் புரட்டியபோது 1901 ஜனவரி 2ஆம் தேதிக் கடிதம் கண்ணில் பட்டது. மாஸ்கோவில் மாஷாவாக நடிக்கப்போகிற ஓல்காவுக்குச் செகாவ் எழுதியது. எந்த அங்கத்திலும் முகத்தைச் சோகமாக வைத்துக்கொள்ளாதே. கோபம் இருக்கலாம், சோகம் வேண்டாம். வெகுநாளாகத் துக்கத்தை உள்ளே சுமந்து அதற்குப் பழகிப்போனவர்கள் சும்மா சீட்டியடிப்பார்கள், அடிக்கடி யோசனையில் ஆழ்ந்துவிடுவார்கள், அவ்வளவுதான். நீயும் பேச்சுக்கு நடுவில் அப்படி யோசனையில் ஆழ்ந்துவிடு.

மறுநாள் இதை அந்தப் பெண்ணிடம் வாசித்துக் காட்டினேன். அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், எங்கள் அத்தை இப்படித்தான் சார் என்றாள். மகனைப் பறிகொடுத்த அத்தை. திண்ணையில் உட்கார்ந்து முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டே ஊர்க்கதை எல்லாம் பேசுவார்களாம், சிரிப்பார்களாம், திடீரென்று கை நின்றுபோகுமாம், உளுந்தையே பார்த்துக்கொண்டு இருந்துவிட்டு, 'ம், என்ன சொன்னே?' என்று கேட்டு மறுபடி புடைக்க ஆரம்பிப்பார்களாம். அவர்கள் அழுது யாரும் பார்த்ததில்லை. அன்றைக்கு ஒத்திகையில் அவள் அதைச் செய்தாள். முறமும் இல்லை, உளுந்தும் இல்லை, பேசிக்கொண்டிருக்கும்போது கையில் இருந்த புத்தகத்தின் பக்கத்தைப் புரட்டப்போய், விரல் பாதியில் நின்றுவிட்டது. ஓரத்தில் உட்கார்ந்து தன் முறைக்காகக் காத்திருந்த இரண்டு பேர் செல்போனைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்கள். பிரான்சில் நைஸ் நகரத்திலிருந்து ஒரு நோயாளி போட்ட கடிதம் நூற்றுச் சொச்சம் வருடம் கழித்து எங்கள் ஊர் பள்ளிக்கூட ஹாலுக்கு வந்து சேர்ந்தது என்றுதான் நான் அதை நினைத்துக்கொள்கிறேன்.

அதே ஜனவரி 2ஆம் தேதி, அதே நாடகத்துக்காக ஸ்தானிஸ்லாவ்ஸ்கிக்கும் ஒரு கடிதம் போயிருக்கிறது. மூன்றாம் அங்கத்தில் அந்தச் சகோதரிகளின் சகோதரன் மனைவி நதாஷா விளக்குகளை அணைத்துக்கொண்டு, மேஜை நாற்காலிக்கு அடியிலெல்லாம் திருடனைத் தேடுகிற மாதிரி ஏற்பாடு செய்திருந்தார்கள். அதைவிட அவள் கையில் மெழுகுவர்த்தியோடு, யாரையும் எதையும் பார்க்காமல், ஷேக்ஸ்பியரின் லேடி மக்பெத் மாதிரி மேடையை நேர்கோட்டில் கடந்து போகட்டும், அதுதான் சுருக்கம், அதுதான் பயங்கரம் என்று எழுதியிருக்கிறார். இன்னொரு கடிதத்தில், தீ விபத்து அங்கத்தின் சத்தம் மேடைக்கு வெளியே தூரத்தில் மங்கலாகக் கேட்டால் போதும் என்றும் சொல்லியிருக்கிறார். உங்கள் செய்தியாளர் ஒத்திகையில் 'பிரம்மாண்ட ஒலி அமைப்பு' என்று வியந்து எழுதியிருந்ததால் இதையும் சொல்லத் தோன்றியது.

இந்தத் தெளிவு அவருக்கு அடிபட்டு அடிபட்டுத்தான் வந்தது. 1887 நவம்பரில் மாஸ்கோவில் கோர்ஷ் அரங்கில் 'இவானோவ்' அரங்கேறிய மறுநாள், எழுத்தாளரான அண்ணன் அலெக்சாந்தருக்கு எழுதிய கடிதத்தைப் படித்தால் நாடகம் போடுகிற எவருக்கும் நம்ம ஊர்க் கதை மாதிரியே இருக்கும். பத்து ஒத்திகை என்று சொல்லி நாலுதான் நடந்தது, அதிலும் இரண்டில் நடிகர்கள் ஒருவரோடு ஒருவர் மல்லுக்கு நின்றார்கள். பாடம் தெரிந்தவர்கள் இரண்டே பேர், மற்றவர்கள் ப்ராம்ப்டரையும் தங்கள் உள்மனதையும் நம்பி மேடையேறினார்கள்.

அப்புறம் 'கடற்பறவை'. அதை எழுதிக்கொண்டிருக்கும்போது, 1895 அக்டோபரில், பத்திரிகை அதிபர் சுவோரினுக்கு எழுதுகிறார்: பெண் வேஷம் மூன்று, ஆண் வேஷம் ஆறு, நான்கு அங்கம், ஏரி தெரிகிற காட்சி, இலக்கியப் பேச்சு நிறைய, சம்பவம் கொஞ்சம், ஐந்து பூடு காதல். ஒரு பூடு 16 கிலோவுக்குச் சற்று மேல், அப்படியானால் கிட்டத்தட்ட ஒரு பெரிய அரிசி மூட்டை எடைக்குக் காதல்! எவ்வளவு குஷியாக எழுதியிருக்கிறார் பாருங்கள். ஒரு வருடம் கழித்து, 1896 அக்டோபர் 17ஆம் தேதி, பீட்டர்ஸ்பர்க்கில் அலெக்சாந்திரின்ஸ்கி அரங்கில் அந்த நாடகம் மண்ணைக் கவ்வியது. நகைச்சுவை நடிகை ஒருவரின் கௌரவ இரவு அது, வயிறு குலுங்கச் சிரிக்க வந்த கூட்டம் கூச்சல் போட்டது. மறுநாள் காலை சுவோரினுக்கு இரண்டு வரி: நாடகங்களை அச்சடிப்பதை நிறுத்துங்கள், நேற்று இரவை நான் மறக்கவே மாட்டேன், இனி நாடகம் எழுதவும் மாட்டேன், போடவும் விடமாட்டேன். மெலிகோவோவுக்கு ரயில் ஏறிவிட்டார். சுவோரின் அவரைக் கோழை என்கிற மாதிரி எழுத, நாலு நாள் கழித்து வந்த பதில் வேறு சுருதி: நான் பயந்து ஓடவில்லை, ஓட்டலில் முறைப்படி சாப்பிட்டேன், நன்றாகத் தூங்கினேன், மறுநாள் ஊருக்குப் புறப்பட்டேன். வீட்டுக்கு வந்ததும் விளக்கெண்ணெய் குடித்தேன், குளிர்ந்த தண்ணீரில் குளித்தேன், இப்போது புது நாடகமே எழுதலாம். இந்த விளக்கெண்ணெய் வரியை நான் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன். நாடகம் படுத்துவிட்ட மறுநாள் தனியாக உட்கார்ந்திருக்கிற ஒருவருக்கு இதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரியாது.

அந்த நாடகத்தை எழுப்பி நிறுத்தியதும் கடிதம்தான். 1898 ஏப்ரலில் நெமிரோவிச்-தான்சென்கோ, மாஸ்கோவில் நாங்கள் புதிதாக ஓர் அரங்கு தொடங்குகிறோம், 'கடற்பறவை'யைத் தாருங்கள் என்று எழுதினார். அவரும் நாடக ஆசிரியர்தான், செகாவின் நாடகத்தில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. செகாவ் மறுத்துவிட்டார். மே மாதம் நெமிரோவிச் மறுபடியும் எழுதினார், அப்புறம்தான் சம்மதம். இரண்டாவது கடிதத்தை எழுதாமல் ரோஷப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்தால் எனக்கு இப்போதும் பதறுகிறது. டிசம்பர் 17ஆம் தேதி நாடகம் மாபெரும் வெற்றி, நடு இரவில் யால்டாவுக்குத் தந்தி. பதில் தந்தியில் செகாவ் எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி சொல்லிவிட்டு, டெவில்ஸ் தீவில் ட்ரேஃபஸ் மாதிரி நான் யால்டாவில் உட்கார்ந்திருக்கிறேன், உங்கள் தந்தி என்னை ஆரோக்கியமாக்கிவிட்டது என்றார். ட்ரேஃபஸ், செய்யாத குற்றத்துக்கு அந்தத் தீவில் சிறைவைக்கப்பட்ட யூதரான பிரெஞ்சு ராணுவ அதிகாரி.

கார்க்கியுடனான கடிதங்கள் தனிப் புத்தகம் போடத் தகுந்தவை. கார்க்கி அப்போது வளர்ந்துவரும் எழுத்தாளர், நிஷ்னி நோவ்கோரோத் நகரில் 'வான்யா மாமா' பார்த்து அழுததாக எழுதினார், தன் கதைகளைப் பற்றி அபிப்பிராயம் கேட்டார். செகாவ் பாராட்டிவிட்டு, குறையையும் மறைக்காமல் சொன்னார்: நாடகம் பார்க்க வந்த ஒருவர் சந்தோஷம் தாங்காமல் ஆரவாரம் செய்து, தானும் கேட்காமல் பிறரையும் கேட்கவிடாமல் செய்வாரே, நீங்கள் எழுத்தில் அப்படி இருக்கிறீர்கள். 1899 செப்டம்பரில் இன்னும் நேரடியாக, அடைமொழிகளை வெட்டுங்கள் என்றார். 'ஒரு மனிதன் புல்லில் உட்கார்ந்தான்' என்றால் படித்தவுடன் புரிகிறது. அதையே, நடுத்தர உயரமும் ஒடுங்கிய மார்பும் செந்நிறத் தாடியும் கொண்ட ஒரு மனிதன், வழிப்போக்கர்கள் ஏற்கெனவே மிதித்துப்போட்ட பச்சைப் புல்லில், சத்தமில்லாமல், கூச்சத்தோடு, பயந்து பயந்து சுற்றுமுற்றும் பார்த்தபடி உட்கார்ந்தான் என்றால் மூளையில் உடனே படியாது. கார்க்கியை நாடகம் எழுதச் சொல்லித் தூண்டியவரும் இவர்தான். 1902இல் கார்க்கியின் 'அடித்தளத்தில்' நாடகத்தைப் படித்துவிட்டு, இரண்டாம் அங்கத்தில் சந்தோஷத்தில் துள்ளிக் குதிக்கத் தோன்றியது என்று எழுதினார். அதே வருடம் கார்க்கியை அறிவியல் கழகத்தின் கௌரவ உறுப்பினராகத் தேர்ந்தெடுத்து, ஜார் மன்னர் முகம் சுளித்ததும் அந்தத் தேர்வு செல்லாது என்று அறிவித்தார்கள். எழுத்தாளர் கொரோலென்கோ விலகினார், செகாவும் தன் உறுப்பினர் பதவியைத் திருப்பிக் கொடுத்துக் கடிதம் எழுதினார். அதில் ஆவேசம் எதுவும் இல்லை: கார்க்கி தேர்வானபோது அவரை முதலில் வாழ்த்தியவன் நான், இப்போது அந்தத் தேர்வு செல்லாது என்று என் பெயரும் சேர்ந்த கழகம் சொல்கிறது, இரண்டையும் என் மனசாட்சியில் ஒன்றாக வைத்துக்கொள்ள முடியவில்லை. அவ்வளவே.

சுவோரினுக்குச் செகாவ் எழுதிய முந்நூறுக்கு மேற்பட்ட கடிதங்கள் நம்மிடம் இருக்கின்றன. தனக்குள்ளிருந்து அடிமைப் புத்தியைச் சொட்டுச் சொட்டாகப் பிழிந்து வெளியேற்றுகிற ஒரு பண்ணையடிமை மகனின் கதையை எழுதுங்கள் என்று 1889இல் சொன்னது அவரிடம்தான். 1898இல் ட்ரேஃபஸ் வழக்கில் சுவோரினின் பத்திரிகை யூத வெறுப்பைக் கக்கியபோது, ட்ரேஃபஸுக்காக வாதாடிய பிரெஞ்சு எழுத்தாளர் எமில் ஜோலாவின் பக்கம் நின்று நைஸ் நகரத்திலிருந்து நீண்ட கடிதம் எழுதி அந்த நட்பின் சூட்டைத் தணியவைத்ததும் அவரிடம்தான். ஆனால் சுவோரின் எழுதிய பதில்கள்? செகாவ் இறந்ததும் தன் கடிதங்களைத் திருப்பி வாங்கிக்கொண்டார், அவை இன்றுவரை கிடைக்கவில்லை. அந்தப் பேச்சில் ஒரு பக்கம் மட்டுமே நமக்குக் கேட்கிறது. சுவோரின் எந்த வார்த்தையைச் சொல்லிச் செகாவைச் சீண்டினார் என்பதைச் செகாவின் பதிலை வைத்து ஊகிக்க வேண்டியிருக்கிறது. என் மேஜையில் அந்தப் புத்தகம் திறந்து கிடக்கும்போதெல்லாம் இது எனக்கு உறுத்தும். நம் மூத்த நாடகக்காரர்கள் வீட்டில் டிரங்குப் பெட்டிக்குள் கிடக்கிற இன்லண்டு லெட்டர்களைப் பழைய பேப்பரோடு சேர்த்து எடைக்குப் போடுகிறார்கள் என்று கேள்விப்படும்போதும் உறுத்தும்.

இதற்கு எதிராக ஒன்று சொல்லலாம், சொல்லவும் செய்கிறார்கள். ஸ்தானிஸ்லாவ்ஸ்கி அழுதது பொய்யா? உலகமெங்கும் அந்த நாடகத்தைப் பார்த்து ஜனங்கள் அழுகிறார்களே, எழுதியவர் சொன்னார் என்பதற்காக அது தப்பாகிவிடுமா? நியாயமான கேள்விதான். நானும் கடைசிக் காட்சியில், வயதான வேலைக்காரர் ஃபிர்ஸைப் பூட்டிய வீட்டுக்குள் மறந்துவிட்டுப் போகிற இடத்தில், ஒவ்வொரு தடவையும் தொண்டை அடைத்துத்தான் போகிறேன். ஆனால் செகாவ் பார்வையாளரை அழாதே என்று எங்கேயும் சொல்லவில்லை. மேடையில் இருப்பவர்கள் அழ வேண்டாம் என்கிறார். அவர்கள் பில்லியர்ட்ஸ் பேசட்டும், ஷூவுக்கு மேல் போடுகிற ரப்பர் கலோஷைத் தேடட்டும், படியில் தடுக்கி விழட்டும். அவர்களுக்குப் பதிலாக நாம் அழுகிறோம். அவர்களே அழுதுவிட்டால் நமக்கு வேலை இல்லாமல் போகிறது. இன்னொன்று, அவர் எதையும் நகைச்சுவை என்று பொத்தாம்பொதுவாகச் சொல்கிறவரும் இல்லை. 'மூன்று சகோதரிகள்' நாடகத்தின் முதல் பக்கத்தில் அவரே டிராமா என்றுதான் போட்டார். 'வான்யா மாமா'வுக்குக் கிராம வாழ்க்கைக் காட்சிகள் என்று போட்டார். இந்த நான்கு பெரிய நாடகங்களில் 'கடற்பறவை'க்கும் 'செர்ரித் தோட்ட'த்துக்கும் மட்டுமே நகைச்சுவை. தராசில் நிறுத்துப் போட்ட வார்த்தை ஐயா அது.

அதனால் தங்களிடம் இரண்டு வேண்டுகோள். வசதிப்பட்டால் ஞாயிறு இணைப்பில் வாரம் ஒரு கடிதமாக, நாடகம் சம்பந்தப்பட்டவற்றை மட்டுமாவது, ஒரு பத்து வாரத்துக்குத் தமிழில் போடுங்கள். ரஷ்ய மொழி நேரடியாகத் தெரிந்தவர்களைக் கொண்டு செய்தால் இன்னும் நல்லது. இரண்டாவது, அந்தக் குழுவின் நாடகம் அடுத்த மாதம் இரண்டு நாள் நடக்கிறது என்று உங்கள் செய்தியிலேயே இருக்கிறது, எப்படியும் மறுபடி அறிவிப்புப் போடுவீர்கள். அப்போது 'கண்ணீர்க் காவியம்' வேண்டாம், 'நான்கு அங்க நகைச்சுவை நாடகம்' என்று போடுங்கள். முதல் நாளே நான் போகப்போகிறேன், கடைசி அங்கத்துக்கு எத்தனை நிமிடம் ஆகிறது என்று பார்த்து உங்களுக்கு மறுபடியும் எழுதுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகன்,
மன்னார்குடி